டாவோஸ் மேடையில் ஒரு பொன்னாடை

சூரிச்சுக்குப் பக்கத்தில், லிம்மாத் ஆற்றோரம் இருக்கும் சின்ன ஊர் டீட்டிகோன். ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அதன் ரயில் நிலையத்தில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், காலில் இரவல் பூட்ஸ் என்று துணிமூட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். சென்னையில் மார்கழி பிறந்தாலே போர்வை தேடுகிற உடம்பு இது. அதை இன்னும் குளிரான டாவோஸ் மலைக்கு இழுத்துக்கொண்டு போக ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. இருபது வருடமாக என் தொண்டைக்குள் குடியிருக்கும் ஓர் ஆங்கிலேயரைப் பார்க்க வேண்டும்.

என் முகம் உங்களுக்குத் தெரியாது. குரல் தெரிந்திருக்கலாம். நான் சென்னையில் டப்பிங் கலைஞன். ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் ஆங்கிலப் படத்தைத் தமிழில் பார்த்துக்கொண்டே நீங்கள் தூங்கிப்போயிருந்தால், உங்களைத் தாலாட்டியவர்களில் நானும் ஒருவன். எட்வின் என்ற ஆங்கில நடிகருக்குத் தமிழில் எப்போதும் நான்தான். (எட்வின் என்று மட்டும் எழுதுகிறேன். முழுப் பெயரைப் போட அவர் மகளிடம் அனுமதி வாங்கவில்லை.) அவர் கடற்கொள்ளைக்காரனாக வந்தார், பேயோட்டும் பாதிரியாராக வந்தார், மூன்று படங்களில் அரசனாக வந்தார், ஒரு படத்தில் பேசும் கரடியாகவும் வந்தார். எங்கே மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லுக்கு முன்னால் உதட்டை ஈரப்படுத்துவார் என்பதெல்லாம் என் மனைவியின் பிறந்தநாளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மனிதரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

சூரிச் தமிழர்களின் ஆண்டு விழாவில் குரல் நிகழ்ச்சி செய்ய வந்திருந்தேன். அது முந்தின நாள் மாலை முடிந்தது. நிகழ்ச்சி ஒரு மணி நேரம், பொன்னாடை போர்த்தல் அதைவிட நீளம். தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குத் தலைவர் போர்த்தினார். எனக்கு இந்தப் பொன்னாடை விவகாரமே ஆகாது. மேடையில் யாராவது சால்வையோடு ஏறினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னைத் தன் வீட்டில் தங்கவைத்திருந்தவர் தவம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், வயது அறுபத்தாறு. எண்பதுகளில் அகதியாக வந்து, டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவித் தொடங்கி, டீட்டிகோனில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைபார்த்து, போன வருடம்தான் ஓய்வுபெற்றவர். எட்வின் ஸ்விட்சர்லாந்துப் பெண்ணை மணந்து டாவோஸிலேயே வாழ்கிறார், இந்த ஞாயிறு அங்கே தன் வாழ்க்கையைத் தானே தனியாக நடித்துக்காட்டப்போகிறார் என்ற செய்தியைப் பேப்பரில் பார்த்துச் சொன்னவர் அவர்தான். நான் எட்வினின் மகள் ரூத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். “ஒன்றரை மணிக்கு வாருங்கள், அப்பாவின் தமிழ்க் குரலைப் பார்க்க எனக்கும் ஆசை” என்று பதில் வந்தது.

டீட்டிகோனிலிருந்து டாவோஸ் ஏறத்தாழ நூற்றறுபது கிலோமீட்டர். முன்கூட்டியே வாங்கியதால் நாள் முழுக்கப் போய்வரும் சீட்டு எனக்கு ஐம்பத்திரண்டு பிராங்குக்குக் கிடைத்தது. இந்திய ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டேன், அது போதும். சூரிச்சில் ரயில் மாறி உட்கார்ந்ததும் தவம் அண்ணை, கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார். பிரிக்கும்போது பைக்குள் ஜரிகை மின்னியது. அரக்கு நிறத்தில், உள்ளங்கை அகல ஜரிகைக் கரையோடு ஒரு பொன்னாடை.

“அண்ணை, இது எதுக்கு?”

“வெறுங்கையோட போறதோ? பெரிய நடிகன் அல்லோ.”

“சரி, நாடகம் முடிஞ்சதும் தனியாப் பார்த்துக் குடுத்துடலாம்.”

அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சிரித்தார். “எங்கட ஊர்க் கூத்தில முடியுமட்டும் ஆர் பொறுக்கிறது? ராசா வேசக்காரன் நல்லாப் பாடி, சனத்தைப் பாத்து ஒருக்கா அசையாமல் நிப்பான். அதுதான் இடம். ஏறிப் போத்திப்போடுவம். அவனும் வாங்கிக்கொண்டு விட்ட இடத்தில துவங்குவான்.”

“இங்கே அப்படிச் செஞ்சா போலீஸைக் கூப்பிடுவாங்க.”

“எனக்குத் தெரியாதோ தம்பி? நாப்பது வருசமா இஞ்ச இருக்கிறன்.”

இடதுபக்கம் வாலன் ஏரி வந்தது. எதிர்க்கரையில் மலைகள் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன, கரை என்று ஒன்று வைக்க இடமே விடவில்லை. லாண்ட்குவார்ட்டில் இறங்கிச் சின்னச் சிவப்பு ரயிலில் ஏறினோம். அது வளைந்து வளைந்து மேலே போகப் போக, முதலில் கூரைகளில் மட்டும் இருந்த பனி வேலிகளை மூடியது, பிறகு வேலிகளே காணாமல் போயின. டாவோஸ் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது மீட்டர். ஏறக்குறைய நம் ஏற்காட்டு உயரம்தான். ஆனால் ஏற்காட்டில் யாரும் மூக்கு நுனி இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில்லை.

நாடகம் நடக்கும் ஹோட்டல் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. வாசலில் தவம் அண்ணை நின்று டையைச் சரிசெய்தார். அவர் கோப்பை கழுவிய ஹோட்டல் இதேதான் என்று அப்போதுதான் சொன்னார்.

“முன் கதவால வாறது இதுதான் முதல் தரம்,” என்றார். காவலாளி கதவைத் திறந்து பிடிக்க, மாப்பிள்ளை மிடுக்கில் உள்ளே நடந்தார்.

மதியம் ஒன்றரை மணி. மேடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. திரையில் நான் பார்த்த எட்வின் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்பவர். நேரில் பார்த்தவர் மெலிந்த, எழுபத்தொன்பது வயதுப் பெரியவர், முழங்காலில் கம்பளி. எழுந்து கைகொடுத்தார். பேசியது ஆங்கிலத்தில்தான், ஆனால் அவரைத் தமிழில் பேசவைத்தே எனக்குப் பழக்கமாகிவிட்டது, இங்கேயும் அப்படியே தருகிறேன்.

“என்னை எனக்குக் கொஞ்சம் கேட்கவையுங்கள்,” என்றார்.

கடற்கொள்ளைக்காரன் படத்தில் அவர் சொல்லும் வசனத்தை எடுத்தேன். “கடலுக்குக் கதவு கிடையாது மகனே. ஆனால் சாவி என்னிடம் இருக்கிறது.”

கண்ணை மூடிக் கேட்டார். “இன்னொருமுறை.” சொன்னேன். கண்ணைத் திறந்து, “நான் இவ்வளவு நன்றாக நடித்தேனா?” என்றார். எனக்கு எத்தனையோ விருது வாங்கிக்கொடுக்க ஆட்கள் முயன்று தோற்றிருக்கிறார்கள். இனி எனக்கு அவை வேண்டியதில்லை.

வெளியே வரும்போது ரூத் கூடவே வந்தார். முகம் வெளுத்திருந்தது. “நீங்கள் அவர் குரலை அறிந்தவர், அதனால் சொல்கிறேன்,” என்றார். இலையுதிர் காலத்தில் எட்வினுக்கு மூளையில் சின்ன அடைப்பு வந்ததாம். உடம்பு தேறிவிட்டது, ஆனால் சில சமயம் வரிகள் நழுவிவிடுகின்றன. காதில் கருவி வைத்து வரி எடுத்துக்கொடுக்கலாம் என்றால் முடியவே முடியாது என்கிறார். மார்ச்சில் ஆறு ஊர்களில் இதே நாடகத்தைப் போடப் பேச்சு நடக்கிறது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் இன்று மூன்றாவது வரிசையில் இருப்பார். “இன்று நின்றுவிட்டால் இதுதான் அப்பாவின் கடைசி மேடை. அவருக்கும் அது தெரியும்.”

அவர் மேடையை விட்டுப் போனால் என்னில் பாதியும் போய்விடும் என்று அப்போது தோன்றியது.

மூன்று மணி அடித்ததும் கதவை மூடினார்கள். பழைய காலத்து விருந்து மண்டபம், உயர்ந்த ஜன்னல்கள், வெளியே வெயிலில் பனி பளபளத்தது. எட்வின் ஒற்றை நாற்காலியோடு வந்தார். தொடங்கினார்.

முதல் பத்து நிமிடத்திலேயே அறையில் பார்த்த கிழவர் போய்விட்டார். வட இங்கிலாந்தில் மழை ஓயாத ஓர் ஊர், பஸ் கண்டக்டர் அப்பா, அவர் டிக்கெட் கொடுக்கும் தோரணையைப் பார்த்து நடிப்புக் கற்ற பையன். முதல் வேடம், ஈட்டி பிடித்து நிற்கும் காவலன். அதில் ஈட்டியைக் கதாநாயகியின் பாவாடையில் குத்தி வேலை போனது. பிறகு சின்னச் சின்ன நாடகக் கம்பெனிகள், வாரம் ஒரு புது நாடகம், பகலில் ஒரு வேடத்துக்கு ஒத்திகை, மாலையில் இன்னொரு வேடம். முப்பத்திரண்டு வயதில் பெரிய மேடையில் அரசன். நாற்பத்தைந்துக்கு மேல் சினிமாவில் வில்லன். “என் மூக்கைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள்,” என்றபோது மண்டபம் சிரித்தது. ஒவ்வொரு மூச்சும் நான் எதிர்பார்த்த இடத்தில் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டே அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

தன் முதல் அரசன் வேடத்துக்கு வந்தார். நாற்காலியை நகர்த்திவிட்டு நடுவில் நிமிர்ந்து நின்று, போரில் மகனை இழந்த அரசனின் பேச்சை முழங்கினார். பக்கத்தில் தவம் அண்ணை கண்ணைத் துடைத்தார். பேச்சு முடிந்தது. எட்வின் எங்களைப் பார்த்து அசையாமல் நின்றார்.

எல்லோரும் அதை நடிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அந்த இடத்தில் மூச்சை வெளியே விட வேண்டும், விடவில்லை. உதட்டை ஈரப்படுத்தினார், ஆனால் அடுத்த சொல் வரவில்லை. மறுபடி ஈரப்படுத்தினார். முன்வரிசையில் ரூத்தின் முதுகு விறைத்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் தலையைச் சாய்த்தார். எனக்கு வரி தெரிந்திருந்தால் எழுந்து கத்தியிருப்பேன். தெரியாதே!

அப்போது என் பக்கத்து நாற்காலி காலியானது.

திரும்பிப் பார்ப்பதற்குள் தவம் அண்ணை நடைவழியில் இறங்கிவிட்டார். இரண்டு கையிலும் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி, எங்கும் தடுமாறாமல், மேடைப் படிகளில் ஏறினார். எனக்கு இருந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பணியாளர் ஒருவர் ஓரத்திலிருந்து ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். தவம் அண்ணை எட்வினின் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, முன்பக்கம் இழுத்துச் சரிசெய்து, கைகூப்பிவிட்டு, வந்த வழியே இறங்கி வந்து உட்கார்ந்தார்.

எட்வின் ஜரிகையைக் குனிந்து பார்த்தார். தவம் அண்ணையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, நான் இருபது வருடமாகப் பின்தொடரும் அதே அரசக் குரலில் சொன்னார்.

“ஐம்பது வருடமாக அரசனாக நடிக்கிறேன். இன்றைக்குத்தான் ஒருவர் பட்டாபிஷேகம் செய்ய வந்திருக்கிறார்.”

கூரை இடிந்துவிடும்போலச் சிரிப்பு. கைதட்டல் ஓயவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் மார்பு ஒருமுறை தாழ்ந்ததைப் பார்த்தேன். மூச்சு வெளியே வந்துவிட்டது. வரி வந்துவிட்டது! நான் தவம் அண்ணையின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு எட்வினை யாரும் பிடிக்க முடியவில்லை. பொன்னாடையைக் கழற்றவே இல்லை. அது அரச அங்கியானது, பாதிரியாரின் மேலாடையானது, கடற்கொள்ளைக்காரனின் தலைக்கட்டானது. மனைவி இறந்த நாளைச் சொல்லும்போது அதை மடித்துக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டார், மண்டபமே அழுதது. கடைசி வரியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் நம்மைப்போல விசிலடிப்பதில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பொய். முதலில் அடித்தவன் நானாக இருக்கலாம், ஆனால் அவர்கள் என்னைத் தனியாக விடவில்லை.

திரை விழுந்ததும் கேட்டேன். “அண்ணை, அவர் வரியை மறந்துட்டார்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“மறந்தவரோ?” அவர் முகம் உண்மையாகவே மாறியது. “இங்கிலீசு பாதிதான் விளங்கினது, மிச்சம் முகத்தில கிடந்தது. அப்பிடி ஒரு நடிப்பு! சனத்தைப் பாத்து நிண்டவர் எல்லோ, நான் எங்களுக்காகத்தான் நிக்கிறார் எண்டு நினைச்சன். பொறுக்கேலாமல் போட்டுது தம்பி.”

மாலை ஐந்தரை மணி ரயில். நிலையத்துக்கு எட்வினும் ரூத்தும் வழியனுப்ப வந்தார்கள். கனமான கோட்டுக்கு மேலே அரக்குப் பொன்னாடை. ஆறு ஊர்களும் உறுதியாகிவிட்டன என்று ரூத் சொன்னார், சொல்லும்போது அழுதார், அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டார். அடுத்த படத்தையும் தமிழில் நான்தான் பேச வேண்டும் என்று எட்வின் உத்தரவு போட்டார். சென்னையில் எத்தனை மேடைகளில் பொன்னாடையைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். போர்த்துகிறவர்களில் பாதிப் பேர் நாடகத்தைப் பார்ப்பதே இல்லை, அதுதான் என் கோபமாக இருந்திருக்க வேண்டும். இங்கே ஒருவர் பார்த்துவிட்டுப் போர்த்தினார்.

கதவு மூடும் முன் எட்வின் தவம் அண்ணையின் கையைப் பிடித்தார்.

“மார்ச்சில் முதல் காட்சி கூர் நகரத்தில். நீங்கள் வர வேண்டும். எந்த இடத்தில் உங்களுக்காக நான் நிற்க வேண்டும், சொல்லுங்கள்.”

நான் தமிழில் சொன்னேன். தவம் அண்ணை யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அப்பிடிச் சொல்லி வைச்சுச் செய்யிறதில்லை எண்டு சொல்லுங்கோ தம்பி. அவர் நல்லா நடிக்கட்டும். நல்லாயிருந்தால் நாங்களே ஏறுவம்.”

மொழிபெயர்த்தேன். எட்வின் தலையை அண்ணாந்து சிரித்தார். ரயில் நகர்ந்த பிறகும் கண்ணாடி வழியே அந்தச் சிரிப்பு தெரிந்தது, அரக்கும் ஜரிகையுமாக.