யாராலும் திறக்க முடியாத பூட்டு

பூட்டுக்காரருக்குத் தன் கைவேலைமேல் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. சாவியைத் தொலைத்தவர்கள் கடை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், "கவலைய விடுங்க, நான் திறக்காத கதவு இனிமேதான் பொறக்கணும்" என்பார். சொன்னபடி திறந்தும் கொடுப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இன்று காலையிலிருந்து தன் மகளின் அறைக்கு வெளியே, தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

மகளுக்குப் போனில் புகார் கேட்கும் வேலை. முன்பின் தெரியாதவர்களெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். இவள் தேனொழுகப் பேச வேண்டும். புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு ராத்திரி ஷிப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகும் திட்டு நிற்கவில்லை.

"அப்பா, அவங்க நம்ம வீட்டைக் கண்டுபிடிச்சிட்டாங்கப்பா. என் ரூமுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க."

வேறு அப்பனாக இருந்தால் என்ன செய்திருப்பானோ. இவர் அன்றைக்கே போட்டுக் கொடுத்தார். அவளும் அன்று தூங்கினாள். "பாத்தியா, என் கை பட்டதும் சரியாயிடுச்சு" என்று மனைவியிடம் மார்தட்டினார். கொஞ்ச நாளில் இன்னொன்று கேட்டாள், அதையும் போட்டார். ஒவ்வொரு பூட்டும் "ஆமா, அவங்க வரத்தான் போறாங்க" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அந்த மேதாவிக்கு உறைக்கவில்லை.

மனைவிதான் விடாப்பிடியாக எல்லோரையும் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது மனசு பேதலிச்சு, காதுல குரல் கேட்டு, அப்படி இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "சிலருக்குப் பொறக்கும்போதே உடம்புல இதுக்கு ஒரு பலவீனம் இருக்கும். அது மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகாமலே போயிடலாம். மேல மேல கஷ்டம் விழும்போது, ரெண்டும் சேர்ந்து ஆளைச் சாய்ச்சிடும். முன்கூட்டியே தெரிஞ்சா நல்லது."

பூட்டுக்காரரின் அண்ணன் கண்முன்னே வந்து நின்றான். வேலை போன வருஷம், சுவர் பேசுகிறது என்று காதைப் பொத்திக்கொண்டு அலைந்தவன். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் செத்துப்போனவன். இவருக்குப் பெண் பார்க்கப் போனபோது, அவன் வெளிநாட்டில் காணாமல் போய்விட்டான் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பொய்யை நம்பிக் கழுத்தை நீட்டியவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"எங்க வம்சத்துலயா? சேச்சே! குரல் கிரல் எல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். வெறும் அசதி."

மகள் டாக்டரின் மேஜைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் மனநல டாக்டரைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதைப் பூட்டுக்காரர் வாசல் தாண்டுவதற்குள் காற்றில் விட்டார்.

அந்த வாரம் மகள் கடைசியாக ஒன்று கேட்டாள். "நீங்களே நினைச்சாலும் வெளியிலேர்ந்து திறக்க முடியாத பூட்டு வேணும்பா." அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கதவுக்கு இரும்புத் தகடு அடித்து, உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்தார். ஆயுசில் அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது.

நேற்றிலிருந்து அவள் கதவைத் திறக்கவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. டிரில் வைத்துப் பார்த்தார், முனைதான் முறிந்தது. சுவரை இடிக்கக் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். சம்மட்டிச் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவள் யார் வந்ததாக நினைப்பாள்? கொத்தனார் வருவதற்குள் அவளாகத் திறந்தாக வேண்டும்.

"ஊர்க் கதவெல்லாம் திறக்கிறீங்களே, எம்பொண்ணு கதவைத் திறங்களேன்!" என்று மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் கதவில் வாயை வைத்தார். "கண்ணு, எங்கண்ணனுக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. அவன் காணாமப் போகல, வைத்தியமே பாக்காம செத்துட்டான். டாக்டர் கேட்டப்போ நான் மறைச்சிட்டேன், பாவி. இது நோய்ம்மா. மருந்து இருக்கு. அப்பா சொல்றேன், திற."

மனைவியின் கை அவர் தோளிலிருந்து நழுவியது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு மகள் கதவருகே வந்து மெல்லச் சிரித்தாள்.

"எங்கப்பா குரல்லயே பேசறியே, கெட்டிக்காரன்தான். ஆனா இது எங்கப்பா போட்ட பூட்டு. உன்னால திறக்க முடியாது."

மாடிப்படியில் கொத்தனார் ஏறி வரும் சத்தம் கேட்டது.