டைடி பண்ணிய நாள்

எனக்கு முதன்முதலில் வாய்த்த இங்கிலீஷ் சொல் 'டைடி'. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ஒரே வாத்தியார் உள்ள பள்ளிக்கூடம் எங்களுடையது. எங்கள் வகுப்புக்கு இங்கிலீஷே கிடையாது. ஆனாலும் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், அவரை அசத்த ஒரு சொல்லாவது கையில் இருக்கட்டும் என்று செங்கத்துக்காரரான எங்கள் வாத்தியார் அதைத் தேர்ந்தெடுத்தார்.

“டைடி பண்றதுன்னா இன்னா? அததை அதது எடத்துல வெக்கிறது. எடமில்லாததை வெளிய எடுத்துனு போறது. எங்க, சொல்லுங்க!”

எல்லோருக்கும் முன்னால் அதை மனப்பாடம் செய்தவன் நான்தான். அப்போது என் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. டைடி பண்ண வேண்டியவற்றில் மூக்கும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்கா என்னைவிட நாலைந்து வயது பெரியவள். அம்மா விடிந்ததும் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போய்விடுவாள். அதனால் கைக்குழந்தையான தம்பி அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தான். அவனோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து பின்சுவர் ஓரம் உட்கார்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தில் சேராதவள், ஆனால் வாத்தியார் கேட்டால் எங்களுக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள். சேருகிற வயது தாண்டிவிட்டது, இனி இன்ஸ்பெக்டர் மனசு வைத்தால்தான் உண்டு, அவர் வரும்போது கேட்டுப் பார்க்கிறேன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

அந்த நாள் காலையில் அக்கா தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரிக்கொண்டாள். மிச்ச எண்ணெயை என் தலையில் கொட்டியதில் நெற்றியெல்லாம் பளபளத்தது. எனக்கென்னவோ இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைப்பு.

டைடி பண்ணும் வேலை தொடங்கியது. ஆடுகள் வெளியே போயின. மூலையில் கிடந்த விறகு வெளியே போனது. யாரோ காயப்போட்டிருந்த சாமை வெளியே போனது. நான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினேன், எல்லோரையும்விடக் குறைவாகத் தூக்கினேன். அக்காதான் ஒரு கையில் தம்பி, ஒரு கையில் துடைப்பம் என்று தரையைக் கூட்டிச் சாணம் போட்டு மெழுகினாள்.

வாத்தியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். “வேற இன்னா கீது டைடி பண்ண?”

அந்த நேரம் பார்த்துத் தம்பி, மெழுகிய தரையில் மூத்திரம் பெய்தான். நாங்கள் கூரை பறக்கச் சிரித்தோம். வாத்தியாரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. சேலை முனையால் தரையைத் துடைத்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே வெளியே போனாள்.

ஜீப்பைக் கீழேயே விட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க ஏறி வந்தார். வாத்தியார் ஜாடை காட்ட, நான் எழுந்து டைடியின் அர்த்தத்தை ஒப்பித்தேன். அதை வைத்து ஒரு வாக்கியம் சொல் என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்க பள்ளிக்கூடம் டைடியா கீது சார்!”

அவர் சிரித்து, பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். அந்த நல்ல நேரத்தை விடாமல் வாத்தியார் பேச்சை எடுத்தார். “ஒரு பொண்ணு கீதுங்க. நல்லா படிக்குது. வயசுதான் கொஞ்சம் தாண்டிடுச்சி...”

“எங்க, வரச் சொல்லுங்க. பாத்துடலாம்.”

என்னை அனுப்பினார்கள். நாவல் மரத்தடியில், பாறை மறைவில் அக்கா நின்றிருந்தாள். தம்பி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“அக்கா, உன்னக் கூப்டறாரு.”

“இப்பதான்டா தூங்கினான். எறக்கினா அழுவான்.”

“தூக்கிக்கினு வா.”

“தூக்கிக்கினு வந்தா டைடியா இருக்காதுடா. நீ போ.”

அது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. திரும்பி ஓடி, “வரலையாம் சார்” என்றேன். இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே என்று இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அதுக்கே இஷ்டமில்ல போல இருக்கே” என்று எழுந்துவிட்டார். வாத்தியார் வாசலில் நின்று அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தார். வாத்தியார் அவர் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று.

அடுத்த இன்ஸ்பெக்டர் எங்கள் மலை ஏறியபோது, அக்காவின் இடுப்பில் அவள் பெற்ற பிள்ளை இருந்தது.

எனக்குப் பென்சில் கிடைத்த அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அக்கா கேட்டாள். “இன்னா கேட்டாரு?”

“டைடின்னா இன்னான்னு கேட்டாரு. அதது எடத்துல இருக்கறதுன்னேன்.”

“எது எடம்னு யாரு சொல்றதுன்னு கேக்கலியா?”

“அதெல்லாம் கேக்கல. பென்சில் குடுத்தாரு.”

அவள் கண் கலங்கியது. பென்சில்மேல் ஆசை என்று புரிந்துகொண்டேன். பெரிய மனசு பண்ணி அதை இரண்டாக உடைத்து, சீவாத பாதியை அவளிடம் நீட்டினேன். வாங்கி, தம்பி கைக்கு எட்டாமல் கூரைக் கழியில் செருகினாள். அதற்குப் பிறகும் அழுதாள். சீவிய பாதியைத்தான் கேட்கிறாள் போலிருக்கிறது, கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.