அழித்த பிறகும் இருந்த சாவி

அந்த அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்றால் ஒருத்திதான். கொழுந்தன் தொடங்கிய கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணி. மருந்துக்கடைக்கு மேலே மூன்று அறை. ஜன்னலோர மேசை அவளுடையது. மென்பொருளைக் கட்டுவதற்கான கட்டளைகள் அடங்கிய பில்ட் ஃபைலை யார் எழுதினாலும் ஒவ்வொரு கட்டளையையும் விரல் வைத்துப் படிப்பாள். “இந்த வரி எதுக்கு? இது இல்லாட்டி என்ன ஆகும்?” என்பாள். பதில் தெரியாதவர் பாடு திண்டாட்டம்தான்.

அன்று கொழுந்தனுக்குத் தலைபோகிற அவசரம். கிளினிக்குகளுக்கான மென்பொருளை, எந்தக் கணினியிலும் அப்படியே ஓடக்கூடிய பொட்டலமான கன்டெய்னர் இமேஜாகக் கட்டினான். அண்ணி சாப்பிடப் போன நேரத்தில், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் பொதுத் தளத்தில் ஏற்றியும்விட்டான். திரும்பி வந்தவளுக்கு ஃபைலைப் பார்த்ததும் முகம் மாறியது.

“நோயாளிங்க விவரத்தைத் திறக்கிற சாவியை உள்ளே காப்பி பண்ணியிருக்கீங்களே, தம்பி!”

“அடுத்த வரியிலேயே அழிச்சிட்டேனே அண்ணி. என்னை அவ்வளவு மக்குன்னு நினைச்சீங்களா?”

மக்கு இல்லை, பாவம்; அவசரக்காரன். இமேஜில் ஒவ்வொரு கட்டளையும் ஓர் அடுக்காக உட்காரும். பின்னால் வரும் வரி முன்னதை மறைக்குமே தவிர, எடுக்காது. சுவரில் கிறுக்கியதன் மேல் வெள்ளையடித்த கதைதான். அண்ணி கீழ் அடுக்கைப் பிரித்துக் காட்டினாள். சாவி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவன் கீபோர்டுக்குப் பாய்ந்தான். “இப்பவே இமேஜை எடுத்துடறேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“எடுங்க. ஆனா அதுக்குள்ள இறக்கினவங்க கையில சாவி இருக்குமே. பூட்டையே மாத்தணும்.”

பூட்டை மாற்றினால் பழைய சாவி செல்லாது; எல்லாக் கிளினிக்கிலும் அன்றைய வேலை நின்றுபோகும். இருப்பதே நாலைந்து வாடிக்கையாளர்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு போனால் கம்பெனிக்கு மூடுவிழாதான். அவனுக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாற்றினாள். கட்டளையையும் திருத்தி எழுதினாள்: சாவி தேவைப்படும் ஒரு வரி ஓடும்வரை மட்டும் அது இரவல், எந்த அடுக்கிலும் தங்காது. அவ்வளவு நிதானம் எங்கிருந்துதான் வந்ததோ! அப்புறம் ஃபோனை எடுத்தாள்.

“டாக்டர், எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க நோயாளிங்க விவரம் வெளியே போயிருக்கலாம்.”

மறுமுனையில் போட்ட சத்தம் மூன்று அறைக்கும் கேட்டது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். எங்க தப்பு, எங்க தப்பு என்றாளே ஒழிய, மறந்தும் கொழுந்தன் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த எண்ணை அழுத்தப் போனவள் கையிலிருந்து அவன் ஃபோனை வாங்கினான்.

“வணக்கம் டாக்டர். சாவியை உள்ளே வச்சது நான்தான்” என்று ஆரம்பித்தான்.