துவாத் தண்ணீர்

சமையலறைக்குள்ளிருந்து சளக், சளக் என்று சீசா குலுங்கும் சத்தம் கேட்டது. முன்னறைத் தரையில் உட்கார்ந்து கத்திரி இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த உமைராவின் முகம் மலர்ந்தது. பக்கத்து வீட்டு சஃபீனா துவாத் தண்ணீர் கலக்குகிறாள். பள்ளிவாசலில் ஓதி ஊதி வாங்கிவந்ததாக அவள் சொன்ன தண்ணீர்.

சத்தம் நின்றது. அதற்குப் பதில் சஃபீனாவின் கைபேசியிலிருந்து ஓர் ஆண் குரல் கரகரத்தது.

“தீதி, தவா ஏக் டக்கன் பஸ். அவுர் தஸ் தின் பைங்கன் மத் தோட்னா. ஸஹர் ஹை!”

மருந்து ஒரு மூடி போதும், பத்து நாளைக்குக் கத்திரிக்காய் பறிக்காதே, விஷம். கல்யாணமாகி பம்பாய் சீத்தா கேம்ப்புக்கு வந்த நாள் முதல் மீன்காரியோடும் ரேஷன் கடைக்காரனோடும் மல்லுக்கட்டியவள் உமைரா. அவளுக்கா இந்த இந்தி புரியாது? கையிலிருந்த இலை நழுவிக் கீழே விழுந்தது.

அந்தக் கத்திரிச் செடிகள் வெறும் செடிகளா அவளுக்கு? மகள் பரீஹாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு கதறியதைப் பார்த்துக் காவல்காரனே கண்ணைத் துடைத்தான். மூன்றாவதாக மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே உமைரா முடிவு செய்துவிட்டாள். ரயில் தண்டவாளத்து ஓரம் சாக்கடைத் தண்ணீரில் விளைந்த காய் இனி இந்த வீட்டுக்குள் வராது. கணவர் அபுதாஹிரின் பை தைக்கும் பட்டறையிலிருந்து நீல டிரம்களைக் கொண்டுவந்து அறுத்து, மாடித் தளத்தில் வரிசையாக வைத்தாள். மூட்டை மூட்டையாக மண்ணைத் தலையில் சுமந்து ஏறினாள். ஒரு சொட்டுப் பூச்சிமருந்தும் படாத காய்தான் என் பிள்ளை வயிற்றுக்குள் போகும் என்று சபதம் வேறு.

வண்டு வந்தது. செங்கல் நிறத்தில், முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தெருப்பிள்ளைகள்கூட நல்ல பொறிவண்டு என்று கையில் ஏற்றி விளையாடின. நாலே நாளில் இலையெல்லாம் பச்சை சுரண்டப்பட்டுச் சல்லடையாயிற்று. விடியலில் சுபுஹு தொழுத கையோடு உமைரா மாடிக்கு ஓடுவாள். வெயில் ஏறுவதற்கு முன் வண்டு மந்தமாக இருக்கும். செடியை உலுக்கினால் சோப்புத் தண்ணீர்த் தட்டில் பொத்பொத்தென்று விழும். இலையின் அடியில் மஞ்சளாக அப்பியிருக்கும் முட்டைகளை விரலால் நசுக்குவாள். வேப்பெண்ணெயும் தெளித்தாள். மறுநாள் பார்த்தால் புதுக்கூட்டம் விருந்தாடி வந்திருக்கும். ஒரு நாள் அப்படியே டிரம்மைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் சஃபீனா அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். பாலாட்டம் வெளுத்து, பன்னீர் வாசம் வீசியது. இரண்டு முறை தெளித்ததும் வண்டுகள் மல்லாந்து கிடந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று உமைரா அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. மறுநாளே முதல் காயைப் பறித்து மகளுக்குப் புளிக்குழம்பு வைத்தாள். அதன்பின் பறிக்காத நாளில்லை.

“லாத்தா, இன்னைக்குக் கொஞ்சம் கூடவே கலந்திருக்கேன். மிச்சம் மீதி வண்டும் மவுத்தாப் போயிரும்” என்று சிரித்தபடி வந்தாள் சஃபீனா.

“யாருளா போன்ல?”

“அது... கோவண்டி கடைக்கார பய்யா. கரண்ட் பில்லு விஷயமா.”

“கரண்ட் பில்லு கட்டுனா கத்திரிக்கா பறிக்கக் கூடாதாக்கும்?”

சஃபீனாவின் சிரிப்பு உதட்டிலேயே செத்தது.

“துவாவா, தவாவா? ஒத்தச் சுழிதான் வித்தியாசம். வாயத் தொறந்து சொல்லு.”

“லாத்தா, நீங்க டிரம்மக் கட்டிக்கிட்டு அழுததப் பாக்க முடியல. மருந்துன்னு சொன்னா தொட மாட்டீய. துவான்னா மறுபேச்சு பேச மாட்டீயன்னு...”

“என் ஈமானை, என் நம்பிக்கைய வச்சா வெளாடுன?”

“கழுவிட்டாப் போயிரும் லாத்தா. பம்பாய் பூரா இதத்தான் திங்குது. யாரு செத்தா?”

உமைரா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“உனக்குப் பை பையாத் தந்தேனே, அந்தக் காய ஆக்குனியா?”

அல்வா மாதிரி இருந்தது லாத்தா என்று ஒவ்வொரு முறையும் புகழ்ந்தவள் அவள். சஃபீனா தரையைப் பார்த்தாள்.

“ஒண்ணு கூடவா ஆக்கல?”

“ராஹிலுக்கு வயிறு சேராது லாத்தா... கொட்டிட்டேன்.”

கூடப் பிறக்காத தங்கை என்று நினைத்தவள். பரீஹா இரண்டு முறை இழந்தபோதும் தோள் கொடுத்தவள். அந்தத் தோளில் சாய்ந்து அழுத கன்னம் இப்போது தீயாய் எரிந்தது உமைராவுக்கு.

“உம் மவனுக்கு மட்டுந்தான் வயிறா? எம் மவ வயித்துல இருக்கது என்ன, வாடகைக்கு வந்ததா?”

மேல் அறையில் தூங்கிக்கொண்டிருந்த பரீஹா புரண்டு படுக்கும் ஓசை கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகள் எழுந்திருக்கவில்லை.

“கடைக்காரன் தந்த சீசாவ எடு” என்றாள் உமைரா. “இப்பமே டாக்டர்ட்ட கொண்டு போவணும்.”

சஃபீனா பர்தாவுக்குள்ளிருந்து ஒரு சிறிய சீசாவை எடுத்தாள். அதில் மண்டையோட்டுப் படம். உமைரா அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

“நானும் கூட வாரேன் லாத்தா. டாக்டர்ட்ட நானே சொல்லுதேன்.”

“வேண்டாம். எம் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போவேன்.”

“மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை...”

“எம் பேரப்பிள்ளை வரட்டும். அது கிட்ட கேளு.”

சஃபீனா செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று, பழக்க தோஷமோ வேறென்னவோ, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றாள். யார் சொன்னாலும் பதில் சொல்வது கடமை. கண்ணீர் வழிய, ஓர் எழுத்தும் விழுங்காமல் உமைரா சொன்னாள்: “வ அலைக்குமுஸ்ஸலாம்.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.