செம்பியன் பாட்டுக்கு யார் போட்ட பூட்டு

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய வீட்டு மாடியில், ஒரே ஒரு அறையில் செண்பகம் பாட்டுப் பதிவு செய்கிறாள். வயது முப்பத்தொன்பது. வெளியே போர்டு கிடையாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதும், சத்தம் வெளியே போகாது என்று சொன்னவர்களையெல்லாம் நம்பாமல், பஞ்சு அடைத்த மரச்சட்டங்களைத் தானே செய்து மாட்டியவள். எதையும் பிரித்துப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி.

பிறந்து வளர்ந்தது கோட்டூர்புரம் பக்கம், அடையாற்றங்கரைக் குடிசையில். பதினெட்டு வயதில் தி. நகரில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் கேபிள் சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்து, பத்து வருடத்தில் மிக்ஸிங், அதாவது ஒலிக்கலவை செய்கிற வரை வந்துவிட்டாள். சென்னையில் பெருவெள்ளம் வந்த அடுத்த வருடம் ஆற்றோரத்து வீடுகளை இடித்து, அவள் குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள். ஒரு நாள் ஸ்டுடியோ முதலாளி, "இவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றவங்கள வச்சு டைமுக்கு வேல பாக்க முடியாதும்மா" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவள் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அதைச் சொல்லக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த அறை. கீழே குடியிருக்கும் வைதேகி வீணை வாசிப்பவர். மாடியைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் செண்பகமே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கிப் பொருத்தினாள். அதில் விண்டோஸ் பத்து. பாட்டு பதிவுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மென்பொருள். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் உங்களுடையது என்று அப்போது எழுதியிருந்தார்கள். எட்டு வருடம் கானா, சர்ச் பாட்டு, தர்கா பாட்டு, வீணை என்று எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் போய்ச் சேர்ந்தன.

போன மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் செம்பியன் வந்தான். பட்டினப்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன், கானா பாடுவான். கடற்கரையில் மீன் விற்று அவனை வளர்த்த அம்மா இறந்து ஒரு வருடம் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை நினைவு நாளுக்குப் போடவென்று அவனே எழுதிப் பாடிய பாட்டை ஒரு மாதமாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வரி மட்டும் திரும்பப் பாடி, கலவை சரிபார்த்தால் முடிந்தது.

செண்பகம் மென்பொருளைத் திறந்தாள். பாட்டு வரவில்லை. நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. விண்டோஸ் பத்து இயங்குதளத்தில் இனி எங்கள் மென்பொருள் இயங்காது, உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை, புதிய பதிப்புக்கு மாறவும். அவ்வளவுதான். மூடினால் எல்லாம் மூடிக்கொண்டது.

புதிய பதிப்புக்கு விண்டோஸ் பதினொன்று வேண்டும். அவளுடைய பழைய பிராசஸருக்கு அது ஏறாது. சோதித்துப் பார்த்தாள். உங்கள் கணினி இதற்குத் தகுதி பெறவில்லை என்று வந்தது.

அந்தச் சொல்லைப் படித்ததும் அவளுக்குக் காது சூடானது. ஆற்றங்கரையில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீசிலும் அந்தச் சொல்தான் இருந்தது. இந்த இடத்தில் குடியிருக்க நீங்கள் தகுதி பெறவில்லை. நேற்று மாலை வரை வேலை செய்த மெஷின். ஒரு குறையும் கிடையாது.

கம்பெனியின் உதவிப் பக்கத்தில் எழுதினாள். அனன்யா என்று ஒரு பெயர் பதில் அனுப்பியது. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், புதிய கணினி வாங்கப் பரிந்துரைக்கிறோம். செண்பகம் கேட்டாள்: பழைய பாட்டை மட்டும் திறந்து வெளியே எடுத்துக்கொள்ள ஒரு நாள் அனுமதி தர முடியுமா? உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று மறுபடியும் வந்தது. மூன்றாவது முறையும் அதே வரி. எதிரே இருப்பது பெண்ணா மெஷினா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

செம்பியன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது என் பாட்டுதானே? நான் எழுதுனது, நான் பாடுனது, நீ புடிச்சது. நடுவுல இவன் யாரு பூட்டு போட?"

செண்பகம், "சாயங்காலம் போன் பண்றேன், நீ வண்டி எடு" என்று அனுப்பிவிட்டு, சி.பி.யு.வைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனாள்.

அங்கே ஷரஃபுதீன் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் சரிசெய்கிறவர். அவளுடைய மெஷினின் எல்லாப் பாகமும் அவர் கடையில் வாங்கியதுதான். மெஷினை ஓடவிட்டுப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாமா கொற? நல்லாத்தான் கீது. இன்னும் அஞ்சு வருசம் ஓடும்."

"தகுதி இல்லயாம் பாய்."

"எவன் சொன்னான்? விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டுக்க. ஓசியில கெடைக்கும், யார்கிட்டயும் போயி கேக்க வேணாம். பாட்டு புடிக்கிறவங்களுக்குன்னே தனியா ஒண்ணு கீது. ஆனா நீயே கத்துக்கணும். கூப்புட்டா யாரும் வரமாட்டான்."

"இப்ப மட்டும் எவன் பாய் வந்தான்?" என்றாள் செண்பகம்.

புது ஹார்டு டிஸ்கில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார். பழைய டிஸ்கையும் கூடவே மாட்டினார். வியாழக்கிழமை காலை அறைக்கு வந்து அந்தப் பழைய டிஸ்கைத் திறந்து பார்த்தாள். செம்பியன் பாட்டின் ஃபோல்டருக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஒலிக் கோப்புகள், ஒரு பூட்டும் இல்லாமல் கிடந்தன. குரல், மேளம், கீபோர்டு எல்லாம் இருந்தன. எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்கிற கணக்கு மட்டும்தான் கம்பெனியின் கையில். கோப்புகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண்கள்.

அனன்யா என்று எழுதிய அந்தப் பெயர் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். உங்கள் ஒலிக் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. சொல்லவில்லை. வேறு வழியே இல்லை என்று நினைத்து ஓடிப்போய் புது மெஷின் வாங்கட்டும் என்றுதான் விட்டார்கள். இதை நினைக்க நினைக்கத்தான் செண்பகத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மெஷின் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை செம்பியன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். இருவரும் ஒவ்வொரு துண்டாகக் கேட்டார்கள். "இது ரெண்டாவது சரணம்." "இது வேணாம், தொண்ட கட்டிக்கினு இருந்துச்சு." முதல் நாள் பதிவில், அம்மாவின் கூடையைப் பற்றிய வரியில் அவன் குரல் உடைந்து நின்றுபோயிருந்தது. அதை அவன் மறந்தே போயிருந்தான். செண்பகம் நிறுத்தப் போனாள்.

"இருக்கட்டும்கா" என்றான். "இதையே வச்சிடு."

லினக்ஸும் அவளை எளிதில் விட்டுவிடவில்லை. பாக்கியிருந்த ஒரு வரியை அவன் பாடியபோது, ஹெட்போனில் அப்பளம் நொறுங்குவதுபோல் படபடவென்று சத்தம். மூன்று முறை பாடினான், மூன்று முறையும் அதேதான். இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடும் ஓர் இடத்தில் கேட்டாள். முதலில் பதில் சொன்ன ஆள், கையேட்டைப் படித்துவிட்டு வா என்றான். "நானூறு பக்கம் கீது. ஞாயித்துக்கெழமைக்குள்ள எந்தப் பக்கத்தப் படிக்கணும், அதச் சொல்லு" என்று அவள் திருப்பி எழுதினாள். வேறு யாரோ ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: ஒலி வேலைக்கு முன்னுரிமை தரும்படி கணினிக்கு அனுமதி கொடு, வைஃபையை நிறுத்து. இரண்டையும் செய்தாள். படபடப்பு அடங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம் சாய்நாத் போன் செய்தார். ஆழ்வார்பேட்டையில் பெரிய ஸ்டுடியோ வைத்திருப்பவர். விளம்பரப் பாட்டுகளைக் கலவை செய்ய அவளிடம் அனுப்புவார்.

"அந்த நகைக்கடை பாட்டு ஃபைல் அனுப்பும்மா."

"ஒவ்வொரு வாத்தியத்தயும் தனித்தனி ஃபைலா அனுப்புறேன் சார். நான் லினக்ஸுக்கு மாறிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஓசியில கிடைக்கிறத வச்சு ப்ரொபஷனல் வேலை பண்ண முடியாது செண்பகம். உன்னால புது சிஸ்டம் வாங்க முடியலன்னா சொல்லு, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

"மொதல்ல கேட்டுப் பாருங்க சார்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

எட்டு வருடமாக அவளுடைய காதை நம்பி வேலை அனுப்பியவர். இன்று அவளுடைய பெட்டியில் எது ஓடுகிறது என்பதை வைத்து, கேட்காமலே முடிவு செய்துவிட்டார். செண்பகம் கோப்புகளை அனுப்பினாள். அவர் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்தில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. குரல் உடைந்த இடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். செம்பியன் பந்தல் கம்பத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றான். செண்பகம் கடைசியில் நின்று, பாஸ் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை பழைய டிஸ்கிலிருந்து ஒலிக் கோப்புகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்த விண்டோஸை அழித்தாள். மற்ற பாட்டுகளைக் கோர்க்க மூன்று மாதம் பிடித்தது. சில தேறவில்லை. கம்பெனிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள்; பதிலாக, புதிய பதிப்புக்குத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. சாய்நாத்திடமிருந்து அதற்குப் பிறகு வேலை வரவில்லை. இப்போது அவளிடம் பதிவு செய்ய வருகிறவர்கள், ஒரே வரி பாடினாலும், போகும்போது எல்லாக் கோப்புகளையும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். "வேணாம்கா, நீயே வச்சிக்க" என்பவர்களை அவள் படி இறங்க விடுவதில்லை.

போன மாதம் வைதேகியின் வீணைப் பதிவு ஆறு நாள் நடந்தது. ஒரு படபடப்பும் இல்லை. கடைசி நாள் காபி கொண்டுவந்தவர், செண்பகம் யாரிடமோ போனில் அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு நின்றார்.

"எல்லாம் நன்னாத்தானே நடந்துண்டிருக்கு செண்பகம். இன்னும் எதுக்கு இவ்வளவு கோபம் நோக்கு?"

"நடக்குதுமா" என்றாள் செண்பகம். "நான் நடத்துனேன், நடக்குது. அவங்க விட்டுட்டுப் போனதுக்கு இந்நேரம் எல்லாம் நின்னுல்ல போயிருக்கணும்?"

வைதேகி டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை பதிவைக் கேட்கலாமா என்று ஸ்பீக்கரைக் கையால் காட்டினார்.