கஸ்பார் அண்ணாச்சி திறக்காத லிங்க்குகள்

கஸ்பார் அண்ணாச்சி போய்விட்டார்... இன்று விடியற்காலையில், மாப்பிள்ளையூரணி வீட்டில், தூக்கத்திலேயே.

நாலு மணிக்குப் பெட்டியை மூடுவதாக ஏற்பாடு. மூன்று இருபதுக்கு ரோஸ்லின் டீச்சரிடமிருந்து எனக்குப் போன். அண்ணாச்சியும் அவரும்தான் எங்கள் டைம்ஷேர் குரூப்பின் அட்மின்கள்.

"தம்பி, தப்பு பண்ணிட்டேன். ஜூடுக்கு அனுப்பச் சொன்ன வீடியோ கால் லிங்க்கை கைதவறி நம்ம குரூப்புல போட்டுட்டேன். நூறு பேரு உள்ள வந்துட்டாங்க. அதுக்கு மேல விடாதாம். இப்ப அவனால வர முடியல. வேற லிங்க் போடவோ, ஆளை வெளியேத்தவோ இங்க யாருக்கும் தெரியல."

ஜூடு, அண்ணாச்சியின் ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலை, இப்போது நடுக்கடலில் இருக்கிறான். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவனுக்கு இருந்த ஒரே வழி அந்த லிங்க்.

"எவனோ மைக்கைப் போட்டு, 'மேடம், வீக் இன்னும் இருக்கா? கொடைக்கானலா ஊட்டியா?'ன்னு கேக்கான் தம்பி. ஜெபம் சொல்லிட்டு இருக்கோம்... பெட்டிக்குப் பக்கத்துல!"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருடத்தில் ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை வாங்கி வைத்திருப்பவர்கள் நாங்கள். போக முடியாதவர் தன் வாரத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். கம்பெனி ஒரு லிங்க் அனுப்பும். அதை முதலில் திறப்பவர் பெயருக்கு வாரம் மாறிவிடும்.

அதனால் ஒருவருக்கு மட்டும், தனியாக அனுப்ப வேண்டும். யாராவது தெரியாமல் குரூப்பில் போட்டுவிட்டால் பாய்ந்துவிடுவார்கள். முதலில் தொடு, பிறகு படி... அதுதான் அங்கே பழக்கம். அதுவும் இது மே மாதம். டீச்சர் ஒரு வார்த்தைகூட எழுதாமல் வெறும் லிங்க்கைப் போட்டிருந்தார்.

இந்தப் பாய்ச்சலைத் தடுக்கத்தான் அண்ணாச்சி அட்மினாக இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். லிங்க் விழுந்த மறு நிமிடம் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவார். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அடுத்து, போட்டவருக்குப் போன்.

"ஏலே, வீட்டுச் சாவிய நடுரோட்டுல போட்டுட்டுப் போறியே. எடுத்து வச்சிருக்கேன். இனிமே பாத்து நட."

நானும் அங்கே மாடரேட்டராக இருந்தேன்... இரண்டு வருடம் முன்புவரை.

விளாத்திகுளத்து அம்மா ஒருவர் லிங்க் போட்டார். விளம்பரமா, வாரமா என்று சரிபார்க்கத் திறந்தேன். சரிபார்க்க மட்டும். வாரம் என் பெயருக்கு வந்துவிட்டது. அவர் மகள் குடும்பத்தோடு போக இருந்த வாரம். அன்றைக்கே கம்பெனிக்கு எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி குரூப்பில் எழுதினார். "நம்ம மாடரேட்டரே வாரத்தை எடுத்துட்டாரு. இனி அவரு மாடரேட்டர் இல்லை."

திருப்பிக் கொடுத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊருக்கெல்லாம் போன். எனக்கு மட்டும் போஸ்ட்.

எம்.ஃபில். படித்தவன், ஷிப்பிங் ஆபீசில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன்... அன்றிலிருந்து எனக்கு 'வீக் திருடன்' என்று பெயர். அந்தப் போஸ்ட் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் அவரைப் பார்த்தேன், பேக்கரியில். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன சார், நான் என்ன லிங்க்கா? தொட்டா ஒம்ம பேருக்கு வந்துருவேனா?"

கடையே சிரித்தது. 'ஏலே' என்று கூப்பிட்ட மனுஷன் 'சார்' என்றாரே... அதுதான் அதிகம் சுட்டது. வாங்க வந்ததை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன்.

இன்று டீச்சர் என்னை மறுபடியும் மாடரேட்டராகப் போட்டார். "நீ பாத்துக்கிடு தம்பி, நான் பெட்டிப் பக்கத்துல நிக்கணும்."

லிங்க்கைக் குரூப்பிலிருந்து எடுத்தேன். ஆனால் உள்ளே போனவர்கள் உள்ளேதானே இருப்பார்கள்? யார் யார் என்று பார்க்க நானும் திறக்க வேண்டும். யாரோ ஒருவர் விட்டுப் போகும் இடத்தில் நான் போய் உட்கார்ந்துவிட்டால்?

திறக்கவில்லை. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று விரல் போனது... இல்லையென்று சொன்னால் பொய்.

"அது சாவு வீடு. தயவுசெய்து வெளியே வாருங்கள்" என்று எழுதினேன். சிலர் பதறிப்போய் வெளியே வந்தார்கள். ஏற்கெனவே தொட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் அந்த இடத்தில் நுழைந்தார்கள்.

ஒருவர் பதில் போட்டார்: "திருடனெல்லாம் இப்ப போலீஸா?" அதற்கு லைக் விழுந்துகொண்டே இருந்தது.

மூன்று நாற்பது. நம்பர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்தேன். இரண்டு வருடமாக நான் பேசாதவர்கள்.

"அண்ணே, உள்ள இருந்தா வெளிய வாங்க. மகன் வெளிய நிக்கான்."

சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர், "ஏன், நீ எடுத்துக்கிடவா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன். "சாவு வீடு அண்ணே."

இதெல்லாம் ஆபீசில் உட்கார்ந்துதான். அவர் வீட்டுக்கு பைக்கில் கால் மணி நேரம். பெர்மிஷன் கேட்டால் கிடைத்திருக்கும். காலையிலிருந்து கேட்கவில்லை.

நாலு அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது மறுபடியும் டீச்சர். பின்னால் அழுகைச் சத்தம்.

"மூடிய எடுத்துட்டு வாராங்க தம்பி... அவன் இன்னும் வரல."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மிச்சம் இருந்தவர்களை ஆபீஸ் போனில் கூப்பிட்டேன். ஒருவர். இன்னொருவர். மூன்றாமவர் எடுக்கவேயில்லை...

அப்போது அந்த அழுகைக்கு நடுவே, கரகரவென்ற இரைச்சலோடு, ஒரு ஆண் குரல்.

"அப்பா..."

அதற்கு மேல் கேட்பது முறையில்லை. போனை வைத்துவிட்டேன்.

கோபம் போய்விட்டதா என்று யாரும் கமெண்ட்டில் கேட்க வேண்டாம்.

மகன் பாத்துட்டான் அண்ணாச்சி. நீங்க கிளம்புங்க.