ஈ பாட்டிலைக் காட்டி நான் சொன்னது

எட்டு வருடம் ஆகியிருக்கும். காரைக்காலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு ஜூலை மாதம், மதியச் செய்முறை வகுப்பு.

எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக ஒரு அண்ணன் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். திருமலைராயன்பட்டினம் பக்கம் ஒரு கிராமம், கொஞ்சம் நிலம் உண்டு. பழ ஈ வளர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ரவையும் வெல்லமும் போட்டு அவற்றுக்குத் தீனி காய்ச்சுவார். மயக்கிய ஈக்களைத் தூரிகை நுனியால் ஒரு சிறகு கூட ஒடியாமல் பிரித்து வைப்பார்.

தினமும் சாயங்காலம் குடிப்பார். அது எல்லோருக்கும் தெரியும். சரக்கு மலிவு என்று பூவம் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களே ஏராளமாக இருக்கிற ஊரில் அது பெரிய சங்கதியாகத் தெரியவில்லை. அவர் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. காலையில் எங்களுக்கு முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்திருப்பார்.

அன்றைய பாடம், பழ ஈக்கள் சாராயத்தைத் தாங்குவது பற்றி. சாராயத்தை உடைத்துச் செரிக்கிற ஒரு நொதி, அதாவது என்சைம், அவற்றின் உடம்பில் இருக்கிறது. சில ஈக்களுக்குப் பிறவியிலேயே அது வேகமாக வேலை செய்யும், சிலவற்றுக்கு மந்தம். இரண்டு வகையையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, தீனியில் ஒரே அளவு ஆல்கஹால் கலந்து வைத்திருந்தோம். மாணவர்கள் வந்து பார்த்தபோது ஒரு பாட்டிலில் பெரும்பாலானவை மல்லாந்து கிடந்தன. மற்றதில் ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன.

தொட்டியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிக் கேட்டார்.

“மனுசனுக்கும் இப்படித்தானா மேடம்?”

வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “உங்களுக்குச் சந்தேகமே வேணாம்ணே. உங்களுக்கு இருக்கிறது வேகமான என்சைம். எவ்வளவு ஊத்தினாலும் உங்க உடம்பு தாங்கும்” என்றேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதில் வெட்கம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. அப்போது எனக்கு அது பிடித்திருந்தது.

மனிதனின் கதை அப்படியில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. போதை ஏறாதது போல் இருப்பது பெரும்பாலும் மூளை பழகிப்போனதால். கல்லீரல் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் சொன்னால் அந்தச் சிரிப்பு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வருட மாணவர்களிடமும் அவரைக் காட்டி அதையே சொன்னேன்.

அதன் பிறகு ஒருநாள் அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபோது கண்ணைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது.

“என்னண்ணே, கண்ணு இப்படி இருக்கு?”

“பித்தங்க மேடம். வெயில்ல வயலுக்குப் போயிட்டு வர்றேன்ல. கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிறேன், சரியாப்போவும்.”

டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தேர்வு வேலையில் மூழ்கிவிட்டேன். மறுபடி கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் வேலைக்கு வருவது நின்றது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். “மேடம், மூணாவது தட்டுல உள்ள பாட்டிலுக்குத் தீனி மாத்தணும். மறந்துடாதீங்க” என்றார். அதோடு களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் மனைவி என்னை வெளியே நடைக்கு அழைத்து வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேங்க, விட்டுடுங்கன்னு. காலேஜ் மேடமே சொல்லிட்டாங்க, பாட்டில்ல வச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்க, என் ஒடம்பு தாங்கும்னுவாரு. படிச்சவங்க சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது? அவரு ஒடம்புல ஏதோ சத்து இருக்குன்னு சொன்னீங்களாமே மேடம், அது இப்ப எங்க போச்சு?”

பொய் சொல்ல முடியவில்லை.

“அது... நான் வெளையாட்டுக்குச் சொன்னதுங்க.”

“வெளையாட்டுக்கா?” என்றார். அவ்வளவுதான். பிறகு உள்ளே போய், ஈரத்துணியால் கணவரின் உதட்டைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே போகிற தைரியம் வரவில்லை.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டார். துக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி மற்றவர்களைக் கும்பிட்டது போலவே என்னையும் கும்பிட்டார். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நீயா அவருக்கு ஊற்றிக் கொடுத்தாய் என்று என் கணவர் கேட்கிறார். தோழிகளும் அதையேதான் சொல்கிறார்கள். இல்லைதான். ஆனால் மனைவியின் பேச்சைக் கேட்டு விட்டுவிடலாமா என்று அவர் யோசித்த ஒரு சாயங்காலமாவது இருந்திருக்கும். அந்தச் சாயங்காலம் அவருக்கு என் வார்த்தைதான் ஞாபகம் வந்திருக்கும் என்ற நினைப்பிலிருந்து என்னால் இன்று வரை வெளியே வர முடியவில்லை.